அழாத பிள்ளை

அத்தியாயம் 7

லண்டனிலிருந்து பதினான்கு நாள் லீவில் வந்த பரீனாவுக்கு, அதில் ஆறு நாள் எப்படிப் போனதென்றே தெரியவில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, வான் வண்டியில் ஏறி, விடியும் நேரத்தில் திருகோணமலையில் ராத்தா றுக்கியாவின் வீட்டு வாசலில் அவள் வந்து நின்றதும், மகள் றுமானா ஓடி வந்து கட்டிப் பிடிக்காமல் "வாங்க உம்மா, இருங்க" என்று மரியாதையாகக் கதிரை எடுத்துப் போட்டதும் வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

பரீனாவால் அந்தக் கதிரையை மறக்க முடியவில்லை. பெற்ற பிள்ளை விருந்தாளிக்குப் போடுவது போலக் கதிரை போட்டால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? ஆனாலும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு உரிமை இருக்கவில்லை. அது அவளுக்கே தெரியும்.

நாடு பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் வரிசையில் நின்ற வருடத்தில், பாலர் பாடசாலை ரீச்சராக இருந்த பரீனா முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு லண்டன் போனாள். ஐந்து மாதம் கழித்துக் கணவன் இஹ்ஸானும் ஆறு வயது மகன் அஸீமும் போய்ச் சேர்ந்தார்கள். பதின்மூன்று வயது றுமானா மட்டும் பெரியும்மா றுக்கியாவின் வீட்டில் நின்றுவிட்டாள். பிள்ளைக்கு விசா மறுத்துவிட்டார்கள் என்று ஊருக்குச் சொன்னார்கள். றுமானாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

இப்போது அவளுக்குப் பதினாறு. ஓ.எல். பரீட்சை முடிந்து பெறுபேறும் வந்தாயிற்று. அவளையும் அழைத்துப் போக விண்ணப்பம் போட வேண்டும். பரீனா வந்ததே அதற்குத்தான்.

அன்று வியாழக்கிழமை.

குசினிக்குள் றுக்கியா சூடை மீனைப் பொரித்துக்கொண்டிருந்தாள். தங்கைக்கும் மகளுக்கும்தான். அவள் நோன்பு. திங்களும் வியாழனும் அவள் நோன்பு பிடிப்பதைப் பரீனா வந்த நாளிலேயே கவனித்திருந்தாள்.

"ராத்தா, பிரஷர் குளிசை குடிக்கிற உடம்பு. இப்படிக் கிழமைக்கு ரெண்டு நோன்பு தேவையா?"

"தேவைதான்." றுக்கியா அதற்கு மேல் அந்தக் கதையை வளர்க்கவில்லை. "நீ இங்க வா. நான் சொல்லுறதை மனசில எடுத்துக்கொள். றுமானாக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது. குடுத்தா வேணாம் எண்டு சொல்ல மாட்டாள், தின்னுவாள். பிறகு உடம்பெல்லாம் சொறிவாள்."

"சரி ராத்தா."

"தலையிடி வந்தாலும் வாய் திறக்க மாட்டாள். ஜன்னலைச் சாத்திட்டுப் படுப்பாள். பகலில ஜன்னல் சாத்தியிருந்தா நீயா விளங்கிக்கொள்ளணும்."

பரீனா தலையை ஆட்டினாள். லண்டனில் அவள் பார்க்கும் பதினொரு முதியவர்களில் யாருக்கு எந்த மாத்திரை, யாருக்குத் தேநீரில் எத்தனை கரண்டி சீனி என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தொண்ணூறு வயது வெள்ளைக்காரி ஒருத்திக்கு ஒவ்வொரு காலையும் தலை இழுத்துப் பின்னி விடுகிறாள். தான் பெற்ற பிள்ளை ஏன் ஜன்னலைச் சாத்துகிறாள் என்பதை இன்னொருத்தி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்த போன் அடித்தது. லண்டனில் அப்போது காலை ஆறரை. திரையில் இஹ்ஸானின் தாடி தெரிந்தது, அதற்குப் பின்னால் ஒரு கூச்சல் கேட்டது. டோஸ்டரில் பாண் கருகி, கூரையிலிருந்த புகை மணி கத்திக்கொண்டிருந்தது. இஹ்ஸான் ஒரு துவாயால் அதற்கு விசிறினான்.

"உம்மா, என்ட மற்றச் சொக்ஸ் எங்க?" அஸீம் ஒரு காலைத் தூக்கிக் காட்டினான்.

"ஹீட்டருக்கு மேல காயப் போட்டிருக்கு மகன். பின்னுக்கு விழுந்திருக்கும், எட்டிப் பாருங்க."

அவன் ஓடினான். "கிடைச்சிட்டு!"

கடல் கடந்து கிடக்கும் ஒரு சொக்ஸ் எங்கே விழுந்திருக்கும் என்று அவளால் சொல்ல முடிந்தது. இந்த வீட்டில் மகளின் சீப்பு எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாமல் அன்று காலை முழுக்கத் தேடியிருந்தாள்.

இஹ்ஸான் போனோடு மாடிப்படிக்கு வந்து குரலைத் தணித்தான். "சொல்லிட்டியா?"

பரீனாவும் பின் வாசலுக்கு வந்தாள். "இன்னும் இல்லை."

"இண்டைக்கு ஃபோர்ம் நிரப்பப் போற எண்டாய்."

"அதுக்கு முன்னுக்குச் சொல்லுறன்."

"நான் சொல்லவா பரீனா? நானும் சேந்துதானே செஞ்சது."

"வேணாம். முடிவெடுத்தது நான். நான்தான் சொல்லணும்."

அவள் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் இதுதான். றுமானாவுக்கு யாரும் விசா மறுக்கவில்லை. அஸீமுக்குக் கிடைத்த அன்றே அவளுக்கும் கிடைத்தது. விசா ஒட்டிய அந்தப் பழைய கடவுச்சீட்டு இப்போது பரீனாவின் கைப்பைக்குள் ஒரு சால்வையில் சுற்றிக் கிடந்தது.

அப்போது அவள் ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தாள். அந்த ஒரு வீட்டில் நான்கு குடும்பங்கள். குசினியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முக்கால் மணி நேரம். ஃபிரிட்ஜில் ஆளுக்கொரு தட்டு, தட்டில் பேர் எழுதி ஒட்டியிருக்கும். வீட்டுக்காரி கறாராகச் சொல்லிவிட்டாள்: கணவனும் ஒரு சின்னப் பிள்ளையும் வரலாம், அதற்கு மேல் ஒரு ஆள் கூடினாலும் அறையைக் காலி செய்ய வேண்டும். வேலை முடிந்த கையோடு மூன்று கிழமை பரீனா வேறு அறை தேடி அலைந்தாள். ஒன்றும் சரிவரவில்லை. அதற்குள் விசா வந்துவிட்டது.

அஸீம் ஊரில் சாப்பிடாமல் காய்ச்சலில் கிடந்தான். போனில் அவள் முகத்தைக் கண்டாலே வீறிட்டு அழுதான். றுமானா அழவில்லை. "எனக்குப் பிரச்சினை இல்லை உம்மா. நீங்க பாத்துச் செய்ங்க" என்றாள்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழைய பேச்சு. பரீனா அழுத பிள்ளையை அழைத்துக்கொண்டாள், அழாத பிள்ளையை விட்டுவிட்டாள். ஆறு மாதத்துக்குத்தானே என்று மனதைத் தேற்றினாள். 'உன்னை விட்டுவிட்டுப் போகிறோம்' என்று மகளிடம் சொல்ல நாக்கு எழும்பவில்லை. 'மறுத்துவிட்டார்கள்' என்பது வாயில் சுலபமாக வந்தது.

ஆறு மாதம் மூன்று வருடமானது. இடையில் இரண்டு அறை உள்ள வீடு ஒன்றும் கிடைத்தது. அப்போதாவது கூப்பிட்டிருக்கலாம். திரும்ப விண்ணப்பித்தால் பழைய பொய் வெளியில் வருமே என்ற பயத்தில் "ஓ.எல். முடியட்டும்" என்றாள். போன வருடம் அஸீமின் வகுப்பில் குடும்பப் படம் கீறச் சொன்னார்கள். அவன் மூன்று பேரைக் கீறிக்கொண்டு வந்தான். அந்தப் படத்தைச் சுவரில் ஒட்ட அவன் அடம்பிடித்தான். பரீனா அதை மெத்தைக்கு அடியில் ஒளித்துவிட்டு, தொலைந்துவிட்டது என்று அவனுக்கும் ஒரு பொய் சொன்னாள்.

பதினொன்றரைக்குத் தாயும் மகளும் வெளிக்கிட்டார்கள். உட்துறைமுக வீதியில் வெயில் ஏறிவிட்டது. தண்ணீரில் ஒரு சீமெந்துக் கப்பல் அசையாமல் நின்றது. வீதியோரத்தில் இரண்டு மான்கள் எதையோ மென்றுகொண்டு நின்றன. றுமானா தாயைவிட நான்கு விரல் உயர்ந்திருந்தாள். ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தாள்.

"உம்மா, அங்க என்ட கட்டில் எங்க போடுவீங்க?"

"சின்ன ரூமில. அஸீமோட."

"அவன் நித்திரையில இங்கிலீசிலயா கதைப்பான்?"

"ரெண்டும் கலந்து கதைப்பான்." பரீனாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த நாளிலிருந்து மகள் இவ்வளவு கதைத்தது இதுதான் முதல் தரம்.

"நீங்களும் வாப்பாவும் வேலைக்குப் போனா ஸ்கூல் விட்டு அவனை ஆர் கூட்டிட்டு வாறது?"

"கீழ்வீட்டில ஒரு சோமாலியா நாட்டுத் தாய் இருக்கிறா. அவட பிள்ளைகளோட சேந்து வருவான். வாப்பா வரும் வரைக்கும் அங்கதான்."

"இனி நான் கூட்டிட்டு வருவன். அவங்களுக்கு ஏன் கரைச்சல்?"

இன்னும் விண்ணப்பம்கூடப் போடவில்லை, அதற்குள் தன்னால் என்ன உதவி என்று பிள்ளை யோசிக்கிறது. இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று பரீனா நின்றாள்.

"மகள்..."

"என்ன உம்மா?"

கண்ணாடிக்குள்ளிருந்து இரண்டு கண்கள் நேராகப் பார்த்தன.

"இல்லை... இந்தக் கண்ணாடி எப்ப போட்டது?"

"ஒண்டரை வருசம் உம்மா. அப்பவே சொன்னனானே."

சொல்லித்தான் இருந்தாள். அன்று போனில் அஸீம் நடுவில் புகுந்து ஏதோ கேட்க, கதை வேறு பக்கம் போய்விட்டது.

தர்சிகாவின் கொமியூனிகேஷன் கடையில் கூட்டம் இல்லை. போட்டோப் பிரதி, லெமினேட்டிங், விசா விண்ணப்பம் எல்லாம் அவள் ஒருத்திதான். முப்பது வயது இருக்கும். திரையில் உள்ள ஆங்கிலத்தைப் பார்த்துக் கடகடவென்று தமிழில் கேட்டு விரல்களால் தட்டிக்கொண்டே போனாள். பேர், பிறந்த திகதி, தாய் தகப்பன் இருக்கும் விலாசம். எல்லாவற்றுக்கும் றுமானாவே பதில் சொன்னாள்.

"இதுக்கு முதல் இங்கிலாந்து விசா கிடைச்சிருக்கோ அக்கா?"

"இல்லை." பரீனாவின் மனது யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது. தர்சிகா ஒரு சொடுக்கில் அதைப் பதிந்தாள்.

"மறுத்திருக்கினமோ?"

"ஓம்," என்றாள் றுமானா. "மூண்டு வருசத்துக்கு முந்தி. எனக்கு மட்டும் மறுத்தவங்க. தம்பிக்குக் கிடைச்சது."

"ஏனாம் தங்கச்சி?"

"தெரியாது அக்கா." றுமானா ஃபைலை நேராக்கி வைத்தாள். "கொழும்பில விரலடையாளம் வைக்கப் போன நேரம் என்னட்ட ஒரு கையெழுத்துக் கேட்டவங்க. முதல் தரம் போட்டது, கோணலாப் போயிட்டு. அதாலதானோ எண்டு கன நாள் யோசிச்சனான். பிறகு கொப்பியில ஒவ்வொரு நாளும் போட்டுப் பழகினன். இப்ப வடிவா வரும்."

பரீனா மடியிலிருந்த கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"கையெழுத்துக்கெல்லாம் மறுக்க மாட்டினம்," என்று தர்சிகா சிரித்தாள். "மறுத்த கடிதத்தில ஒரு நம்பர் இருக்கும், அது வேணும். சும்மா எதையும் போட ஏலாது அக்கா. அவையிட்ட எல்லாம் பதிஞ்சு கிடக்கும். நாங்கள் சொல்லுறது அதோட ஒத்து வராட்டி, பொய் எண்டு எடுத்துப் பத்து வருசத்துக்கு வாசல்படி மிதிக்க விடமாட்டினம்."

"கடிதம் வீட்டில கிடக்கு. பின்னேரம் கொண்டு வாறம்."

"அப்ப இதை இப்படியே வைக்கிறன். ஏழு மணிமட்டும் கடை திறந்திருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் றுமானா செருப்பைக் கழற்ற முன்பே குரல் கொடுத்தாள். "பெரியும்மா! என்ட விசா மறுத்த கடிதம் எங்க? உங்கட அலுமாரிக்குள்ளயா?"

மேசையில் சோற்றுக் கோப்பை வைத்துக்கொண்டிருந்த றுக்கியாவின் கை நின்றது. அவள் மெல்லக் கதிரையை இழுத்து அமர்ந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"நோன்பு களைப்பா ராத்தா?" என்று பரீனா கிட்டே போனாள்.

"இல்லை. ரெண்டு பேரும் இருங்க. இதை இண்டைக்குச் சொல்லாட்டி நான் மௌத்தாகும் மட்டும் சொல்ல மாட்டன்."

இருவரும் அமர்ந்தார்கள்.

"அந்தக் கடிதம் எங்க கிடக்குதெண்டு எனக்குத் தெரியாது புள்ள. ஆனா அது ஏன் வந்ததெண்டு தெரியும். அது என்னாலதான் வந்தது."

"உங்களாலயா?"

"நீங்க கொழும்புக்கு விரல் வைக்கப் போன அண்டைக்கு, நான் சுபஹு தொழுத பாயில இருந்து துஆ கேட்டன். எனக்குத்தான் அல்லாஹ் ஒரு பிள்ளையைத் தரேல்லை. இவளையாவது என்னட்ட விட்டிரு, இவளுக்கு மட்டும் விசா கிடைக்கப்படாது எண்டு கேட்டன். கேட்ட மாதிரியே நடந்திட்டு." றுக்கியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தாயையும் பிள்ளையையும் பிரிச்ச பாவம் எனக்கு. நீ போனில உம்மாவைப் பாத்துச் சிரிக்கிற நேரமெல்லாம் எனக்கு நெஞ்சு பத்தும். அதுக்குத்தான் இந்தத் திங்கள், வியாழன். மூண்டு வருசமா ஒரு நோன்பு விடேல்லை. நீ என்னை மன்னிக்கணும் புள்ள. பரீனா, நீயும்தான்."

றுமானா எழுந்து பெரியும்மாவின் காலடியில் போய் இருந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "அப்படியெல்லாம் இல்லை பெரியும்மா. துஆ கேட்டா ஒஃபிஸில விசா மறுப்பாங்களா? அழாதீங்க."

பரீனா எழுந்தாள். மூன்று வருடம் தான் சுமக்க வேண்டியதை ராத்தா பட்டினி கிடந்து சுமந்திருக்கிறாள். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தன்னை மனுஷி என்று சொல்ல முடியாது.

கைப்பையைத் திறந்தாள். சால்வையைப் பிரித்தாள். பழைய கடவுச்சீட்டை எடுத்து, விசா ஒட்டியிருந்த பக்கத்தை விரித்து மகளின் கையில் வைத்தாள்.

றுமானா அதைப் பார்த்தாள். பதின்மூன்று வயது முகம், கண்ணாடி இல்லாமல், வெள்ளை முக்காட்டுடன் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"இது விசாதானே உம்மா?"

"ஓம்."

"என்ட பேர்தானே?"

"ஓம் மகள்."

"அப்ப... மறுக்கேல்லையா?"

"அவங்க மறுக்கேல்லை. மறுத்தது நான்தான்."

அடுப்பில் வைத்திருந்த தண்ணீர் கொதித்துச் சிந்தியது. யாரும் எழுந்து போகவில்லை.

பரீனா எல்லாவற்றையும் சொன்னாள். அறையைச் சொன்னாள். வீட்டுக்காரியைச் சொன்னாள். அஸீமின் காய்ச்சலைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, அத்தனையும் சாட்டுச் சொல்வது போலத் தன் காதுக்கே கேட்டது. கடைசியில், "நீ தாங்குவாய் எண்டு நினைச்சன். அவன் தாங்க மாட்டான் எண்டு நினைச்சன்" என்று நிறுத்தினாள்.

றுமானா கடவுச்சீட்டை மூடினாள். "நான் அண்டைக்கு அழுதிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?"

இல்லை என்று சொன்னால் பிள்ளை ஆறுதல் அடையக்கூடும். ஆனால் அதுவும் பொய்.

"ஓம்," என்றாள் பரீனா.

"எனக்கு அழுகை வந்தது உம்மா. வாப்பாவும் தம்பியும் ஏர்போட்டுக்கு வானில ஏறின நேரம். பெரியும்மாதான், உம்மா கேள்விப்பட்டா அங்க தனியக் கவலைப்படுவா, அழாத எண்டு சொன்னா. அதான் அழேல்ல." அவள் குரல் உயரவே இல்லை. "நான் அழாததுதான் பிழையா?"

பரீனா மகளை நோக்கிக் கையை நீட்டினாள். றுமானா தட்டிவிடவில்லை. ஆனால் கிட்டவும் வரவில்லை.

றுக்கியா எழுந்து போய் அடுப்பை நிறுத்திவிட்டு வந்தாள். தங்கையின் முன்னால் நின்றாள். அவள் அழுகை நின்றிருந்தது.

"மூண்டு வருசம் பரீனா. ஒரு போன் எடுத்து எனக்காவது சொல்லியிருக்கலாம். உன்ட பிள்ளையைப் பாத்தது காணாதெண்டு, உன்ட பாவத்துக்கும் சேத்து நான் நோன்பு பிடிச்சிருக்கிறன்."

"ராத்தா..."

"இப்ப ஒண்டும் கதைக்காத. எனக்கு வாயில கெட்ட வார்த்தை வரும். நோன்பு."

அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. தொழுதுவிட்டு றுமானா ஃபைலை எடுத்தாள். பழைய கடவுச்சீட்டையும் அதற்குள் வைத்தாள்.

"பெரியும்மா, என்னோட கடைக்கு வாறீங்களா?"

"நானும் வாறன்," என்று பரீனா சால்வையைத் தேடினாள்.

"வேணாம் உம்மா. வெயில். நீங்க இருங்க."

அதே மரியாதை, அதே கதிரை. பரீனா இருந்தாள்.

அன்று பின்னேரம் அவள் செய்ததெல்லாம், சோற்றை எடுத்து மூடியதும், மகளின் அறையில் போய்ச் சும்மா நின்றதும்தான். மகளின் மேசையில் ஒரு பழைய கொப்பி இருந்தது. அதைத் திறந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஆறரைக்குத் தர்சிகா போன் எடுத்தாள்.

"அக்கா, விசா கிடைச்சது எண்டு மாத்தியாச்சு. தங்கச்சி எல்லாம் சொன்னவ." அந்தக் கலகலப்புக் குரல் இப்போது நிதானமாகியிருந்தது. "கிடைச்ச பிறகு ஏன் பயணம் செய்யேல்லை எண்டும் எழுத வேணும். அதுக்கு அவ ஒரு வசனம் தந்திருக்கிறா. உங்களைக் கேக்காமல் போட எனக்கு மனமில்லை."

"வாசிங்க."

"'என் தாய் அப்போது என்னை அழைத்துச் செல்ல விரும்பவில்லை.' குடும்பக் காரணங்கள் எண்டு மாத்தி எழுதட்டோ? அப்படியும் எழுதலாம்."

விரும்பாமல் இல்லை, முடியாமல்தான் போனது என்று பரீனாவின் மனது கிடந்து துடித்தது. அந்த ஒரு சொல்லை மட்டுமாவது மாற்றச் சொல்லலாம். ஆனால் இரண்டு அறை வீடு கிடைத்த பிறகும் கடந்த ஒன்றரை வருடத்துக்கு எந்தச் சொல்லைப் போடுவது?

"மாத்த வேணாம் தங்கச்சி. அப்படியே இருக்கட்டும்."

"அனுப்பட்டோ அப்ப?"

"அவ என்ன சொல்லுறா?"

"அவ பொறுக்கச் சொல்லுறா."

ஏழரைக்கு வாசல் கதவு திறந்தது. றுக்கியா தனியாக வந்தாள். பரீனா பதறி எழுந்தாள்.

"றுமானா எங்க ராத்தா?"

"பயப்படாத. துறைமுக ஜெட்டியடியில அவளிட பெரிய வாப்பாவோட நிக்கிறாள்." றுக்கியாவின் கணவன் ஜவ்பர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்பவர். "அவருக்கு வேலை முடிஞ்சுது. மோட்டார் சைக்கிளில கூட்டிட்டு வருவார்."

"நோன்பு திறந்தீங்களா?"

"அந்தத் தர்சிகா புள்ள தண்ணியும் வாழைப்பழமும் தந்தது." றுக்கியா முக்காட்டைத் தளர்த்தி, மத்தியானம் அமர்ந்த அதே கதிரையில் இருந்தாள். தங்கையைப் பார்த்தாள். கோபம் போய்விடவில்லை, ஆனால் அதற்குள் இரக்கமும் கலந்திருந்தது. "உன்னட்ட ஒண்டு கேக்கச் சொல்லி என்னை முன்னுக்கு அனுப்பியிருக்கிறாள். உன்ட முகத்தைப் பாத்துக் கேக்க அவளுக்கு ஏலாதாம்."

"என்ன?"

"அவள் ஏ.எல். படிக்கிற இந்த ரெண்டு வருசமும் நீ அவளோட இங்க நிப்பியா எண்டு கேக்கிறாள். அஸீம் அங்க வாப்பாவோட இருக்கட்டாம். இந்த முறை அவன் தாங்கட்டாம்."

வேலை, விசா, காலையில் ஒரு காலைத் தூக்கிக் காட்டிய அஸீம்... ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்து தலையில் இடித்தன.

"ராத்தா, அது எப்படி... அவன் ஒன்பது வயதுப் பிள்ளை..."

"பொறு. நான் இன்னும் முடிக்கேல்லை." றுக்கியா கையை உயர்த்தினாள். "ஏலாது எண்டாலும் பரவாயில்லையாம். அதுக்காக அவள் கோவிக்க மாட்டாளாம். ஆனா ஓம் எண்டாலும் இல்லை எண்டாலும், இந்த முறை உண்மையைச் சொல்லட்டாம். நீ சொன்ன பிறகுதான் அந்த ஃபோர்மை அனுப்புறதா இல்லையா எண்டு முடிவெடுப்பாளாம்."

மேசையில் கிடந்த போன் அடித்தது. லண்டனில் பள்ளிக்கூடம் விடும் நேரம். திரையில் அஸீமின் பேர்.

பரீனா கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள்.

"எடு," என்றாள் றுக்கியா. "அதுவும் உன்ட பிள்ளைதான்."

எடுத்தாள். சிவந்த காதும் கலைந்த தலையுமாக அஸீம் வீதியோரத்தில் நின்றான். பின்னால் ஒரு சிவப்பு பஸ் போனது.

"உம்மா, இன்னும் எத்தனை நாள்? எப்ப வாறீங்க?"

அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கிய றுமானா, தம்பியின் குரல் கேட்டு உள்ளே வராமல் கதவடியிலேயே நின்றாள். உம்மா என்ன பதில் சொல்லப் போகிறாள் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.